'ஓய்ந்துபோம்': ஒரு வினைச்சொல்லின் மேல் ஏற்றப்பட்ட பாரம்

ஆவியின் வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்று வாதிடும் இறையியல் மாணவர்கள் அண்மையில் மொழியியலையும் சாட்சிக்கு அழைக்கத் தொடங்கியிருக்கின்றனர். அந்நியபாஷை தானாகவே நின்றுவிடும் என்று கிரேக்க இலக்கணமே கூறுகிறதாம். இன்று சபைகளில் கேட்கப்படுவது மொழியே அன்று என்பதை மொழியியல் நிறுவிவிட்டதாம். ஆகவே வழக்கு முடிந்ததாம். மொழியியல் கற்றவர் என்ற முறையில் சொல்லவேண்டியிருக்கிறது: முதற்கூற்று பிழை. இரண்டாவது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர்கள் விரும்பும் முடிவு பிறக்காது. இதைப் படித்துப் பெந்தெகொஸ்தே நண்பர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்களுக்கான பங்கு பின்னால் வருகிறது.

1 கொரிந்தியர் 13:8இல் தீர்க்கதரிசனம், அறிவு ஆகிய இரண்டுக்கும் பவுல் ஒரே வினையைச் செயப்பாட்டு வடிவில் ஆள்கிறார். அந்நியபாஷைக்கு மட்டும் வேறு வினை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த வேறுபாட்டை அழகாகவே காத்திருக்கிறது: முன்னவை 'ஒழிந்துபோம்', பின்னது 'ஓய்ந்துபோம்'. இந்த இரண்டாம் வினை கிரேக்கத்தில் 'பவ்சொந்தாய்'. வடமொழியின் ஆத்மநேபதத்தை ஒத்த இடைநிலை வடிவம் அது. இங்கிருந்துதான் வாதம் தாவுகிறது: இடைநிலை வடிவம் என்பதால் பாஷைகள் பிறர் நிறுத்தாமல் தாமே ஓயுமாம், எனவே மற்றவற்றுக்கு முன்பே, முதல் நூற்றாண்டிலேயே, ஓய்ந்திருக்குமாம்.

அந்த வினை செய்வினை வடிவில் வந்தால் 'நிறுத்து' என்று பொருள். இடைநிலை வடிவில் வந்தால் வெறுமனே 'நில்'. நம் தன்வினை, பிறவினை வேறுபாடு அறிந்தவருக்கு இதில் மறைபொருள் எதுவும் இல்லை. 'மழை நின்றது' என்று சொன்னால் மழை தன் விருப்பத்தால் நின்றது என்று யாரும் கொள்வதில்லை. லூக்கா 8:24ஐப் பாருங்கள். இயேசு அதட்டியதால் காற்றும் கொந்தளிப்பும் அடங்குகின்றன. அங்கும் இதே வினை, இதே இடைநிலை வடிவம். காற்று தானாக ஓய்ந்தது என்றால் அதட்டியவருக்கு அங்கே என்ன வேலை? ஒரு வினைவடிவம் தாங்காத பாரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டு, இலக்கணம் பேசுகிறது என்கிறார்கள்.

எப்போது ஓயும் என்ற கேள்விக்கு விடை வடிவத்தில் இல்லை, 10ஆம் வசனத்தின் 'நிறைவானது' என்ற சொல்லில் இருக்கிறது. அது புதிய ஏற்பாட்டு நூல்தொகுதி நிறைவுற்றதைக் குறிக்கும் என்பார் உண்டு. ஏறத்தாழ கி.பி. 55இல் அம்மடலைக் கேட்ட கொரிந்து சபையாருக்கு 27 நூல்களின் தொகுதி என்ற எண்ணமே இருந்திருக்க முடியாது. அடுத்த இரு வசனங்களுக்குள் பவுல் முகமுகமாய்க் காண்பதைப் பற்றியும், தாம் அறியப்பட்டிருப்பது போலவே அறிவதைப் பற்றியும் பேசுகிறார். 27 நூல்களையும் கையில் வைத்துக்கொண்டு நாம் இன்றும் இப்படி மல்லுக்கட்டுவதே, அந்த நிலை இன்னும் வரவில்லை என்பதற்குப் போதுமான சான்று. மேலும், நூல்தொகுதியோடு தீர்க்கதரிசனம் ஒழிந்ததென்றால் அதே வினையைப் பெற்ற அறிவும் ஒழிந்திருக்க வேண்டும். பிறகு இறையியல் கல்லூரிகள் எதற்கு? அதே மடலின் 1:7 கர்த்தர் வெளிப்படும் நாளை எதிர்நோக்கியிருக்கும் காலத்தையும் வரத்தில் குறைவில்லாமையையும் ஒருங்கே வைக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எபேசியர் 2:20. அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் அடித்தளம். அடித்தளம் ஒருமுறைதான் இடப்படும். 1918இல் வார்ஃபீல்டு அற்புதங்களை அப்போஸ்தலரின் சான்றுகளாகக் கண்டதும் இத்தகைய சிந்தனையே. அப்போஸ்தலப் பணி மீண்டும் நிகழாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கொரிந்தில் பாஷை பேசியவர்கள் அப்போஸ்தலர் அல்லர். தீர்க்கதரிசனம் உரைத்த பிலிப்புவின் நான்கு புதல்வியரும் அல்லர். வரங்களின் நோக்கம் சபையாரின் பொதுப்பயன் என்று 12:7 கூறுகிறது. அந்தத் தேவை எந்த நூற்றாண்டில் தீர்ந்தது?

இனி மொழியியலின் சாட்சி. வில்லியம் சமரின் 1972இல் வெளியிட்ட ஆய்வு, பரவசப் பேச்சில் ஒலியமைப்பு உண்டு, ஆனால் மொழிக்குரிய பொருண்மை அமைப்பு இல்லை என்றும், பேசுபவர் தாம் முன்பே அறிந்த ஒலிகளைக் கொண்டே அதை ஆக்குகிறார் என்றும் காட்டியது. இதை மறுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் 14ஆம் அதிகாரத்தில் பவுல் என்ன சொல்கிறார்? பேசுவதை ஒருவரும் புரிந்துகொள்வதில்லை. பேசுபவரின் மனமே பயனற்றிருக்கிறது. சமரினுக்கு இதில் வியப்பு இருந்திராது. அப்போஸ்தலர் 2இலும் இங்கும் கிரேக்கச் சொல் ஒன்றுதான்; திருவிவிலியம் அங்கே 'மொழிகள்' என்றும் இங்கே 'பரவசப் பேச்சு' என்றும் பெயர்த்ததன் மூலம் ஒரு நிலைப்பாட்டையே எடுத்திருக்கிறது. அறியாத மனிதமொழி அருளப்படுகிறது என்று நம்பியவர்களுக்குத்தான் சமரின் இடையூறு. அசுசா தெருவிலிருந்து வந்து 1907இல் கல்கத்தாவில் பணியாற்றிய ஆல்ஃபிரட் கார், தமக்கு வங்காளம் அருளப்பட்டதாக நம்பியிருந்தவர். வங்காளம் வாய்க்கவில்லை. அவர் விசுவாசத்தை விடவில்லை, விளக்கத்தைத்தான் மாற்றிக்கொண்டார்.

அதே ஆண்டுகளில் கேட்காவ் முக்தி மிஷனில் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. பண்டித ரமாபாய் வடமொழிப் புலமையோடு வந்தவர். மூலமொழிகளிலிருந்து விவிலியத்தைத் தாமே மராத்தியில் பெயர்த்தவர். அவரிடம் போய் மூலமொழி தெரியாத உணர்ச்சிப்பெருக்கு என்று சொல்ல முடியாது. 1905இல் தொடங்கிய எழுப்புதலில் சிறுமியர் பாஷை பேசியதை அவர் தடுக்கவில்லை. அதையே எல்லார்க்குமான அடையாளமாக்கவும் இல்லை. தேவையான அடையாளம் அன்பே என்று 1907இல் எழுதினார். 12க்கும் 14க்கும் நடுவே 13 ஏன் நிற்கிறது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

பெந்தெகொஸ்தே நண்பர்களிடம் ஒரு கேள்வி. 14:27 முதல் 29 வரை உங்கள் ஆராதனையில் எப்போது வாசிக்கப்பட்டது? இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஒருவர் பின் ஒருவராக. விளக்குபவர் இல்லையெனில் மௌனம். தீர்க்கதரிசனம் உரைத்தால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் ஒலிவாங்கியின் முன் பேசும் கூட்டத்துக்கு இந்த அதிகாரத்தில் ஆதாரம் இல்லை, கண்டனமே இருக்கிறது. புத்தாண்டு இரவில் உரைத்த தீர்க்கதரிசனத்தை டிசம்பரில் எடுத்துச் சரிபார்க்கும் சபை எங்கே? குணமாக்கும் வரத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தச் சொல்வோர், துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்ததும் தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் திராட்சரசம் பரிந்துரைத்ததும் யார் என்று பார்க்கட்டும்.

2024 பிப்ரவரியில் அசாம் சட்டமன்றம் மாய வைத்தியத்தைத் தடைசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. மதப்பரப்புரையைக் கட்டுப்படுத்தும் விருப்பத்தை முதலமைச்சர் மறைக்கவில்லை. அந்த நோக்கத்தை எதிர்த்த அங்குள்ள கிறிஸ்தவ அமைப்புகளின் பக்கமே நான் நிற்கிறேன். ஆனால் நோயாளிக்காக ஜெபிப்பது எது, நோயாளியை ஏமாற்றுவது எது என்று கேட்டால், நாங்கள் நிதானித்தோம், இன்னாரை விலக்கினோம் என்று எடுத்துக்காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? மேடைகள் நிதானிக்க மறுத்தன. வகுப்பறைகளோ நிதானிக்க எதுவும் மிச்சமில்லை என்று கற்பித்தன. இப்போது அந்த வேலை காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறது.