சிவப்பு விளக்கு சொல்வதென்ன?



பழைய கார்களின் டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகளைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறோம். பங்குக் குருவுக்கும் கார் விளக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அதைச் சொல்வதற்கு நமக்குச் சற்று நாணமாகவே இருக்கிறது. எனினும் சொல்லாமல் விடுவது முறையன்று.

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். சிறுநீரகம் பழுதுற்ற தம் தந்தையை வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சைக்கு நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காகவே அவர் ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். பேருந்தில் ஏறியிறங்கும் வலிமை அப்பெரியவருக்கு இல்லை.

"சுவாமி, வண்டியை நிறுத்தி ஓடவிடும்போது எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு மின்னி மின்னி மறைகிறது. பார்க்க வேண்டுமா?" என்று அவர் கேட்டார்.

நாம் சற்றும் யோசியாமல், "பயப்படாதீர்கள் தம்பி. நம் பங்கு வேனிலும் அது ஓராண்டாக மின்னிக்கொண்டுதான் இருக்கிறது. சுவிட்ச் கெட்டிருக்கும்" என்று விடை கூறினோம். சாமியாரே சொல்லிவிட்டார் என்று அவரும் நிம்மதியோடு போய்விட்டார்.

நான்காம் நாள், தந்தையோடு மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், அவ்விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. நம் சொல்லை நம்பி அவர் ஓட்டிச் சென்றார். சற்று நேரத்தில் என்ஜினிலிருந்து தட்டுவது போன்ற ஓசை கேட்டது. மேலும் சிறிது தூரம் சென்றதும் வண்டி நின்றது. என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. 'சீஸ்' ஆகிவிட்டது என்று மெக்கானிக்குகள் கூறுவது இதைத்தான். தந்தையை ஓர் ஆட்டோவில் ஏற்றி, காலங்கடந்து மருத்துவமனை சேர்த்தார். ஆயில் ஃபில்டரின் அடிப்புறத்தில் நெடுநாளாக எண்ணெய் கசிந்திருந்ததும், டிப்ஸ்டிக்கின் முனையில் ஒரு துளியும் இல்லாதிருந்ததும் பின்னரே தெரிந்தன. உரிய காலத்தில் அந்தக் கசிவை நிறுத்தி எண்ணெய் ஊற்றியிருந்தால் போதும். இப்போதோ கிராங்க் ஷாஃப்டும் பேரிங்குகளும் தேய்ந்து, பழுது பார்க்கும் செலவு வண்டியை வாங்கிய விலையில் பாதியைத் தாண்டிவிட்டது.

நாம் செய்த பிழை யாது? நம் வேனுக்கு உண்மையாயிருந்ததை அவருடைய காருக்கும் உண்மை என்று கொண்டோம். பாராமலே நோய் இன்னதென்று முடிவு செய்தோம். அதன்பின் நம் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் மாணவனைப் போல் அமர்ந்து கேட்டறிந்தவற்றை ஈண்டுத் தருகிறோம். அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும் அவையும் அவற்றின் வயதொத்த வண்டிகளும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் உழைக்கின்றன. அவர்களுக்கு இது பயன்படட்டும்.

முதற் பரிசோதனை

சாவியைத் திருப்புங்கள், ஆனால் என்ஜினைக் கிளப்பாதீர்கள். அப்போது ஆயில் விளக்கும் பாட்டரி விளக்கும் எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கிய ஓரிரு நொடிகளில் இரண்டும் அணைய வேண்டும். இது நாள்தோறும் செலவின்றிக் கிடைக்கும் பரிசோதனை.

அணையாத விளக்கைக் கண்டு அஞ்சுகிறோம். எரியவே எரியாத விளக்குக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். பல்பு எரிந்துபோயிருக்கலாம்; கம்பி அறுந்திருக்கலாம். அத்தகைய வண்டி ஆபத்து வரும்போதும் வாய் திறவாது. பழைய வண்டி வாங்கச் செல்வோர் இதை மறவாமல் பார்க்க வேண்டும். குறையை மறைக்கப் பல்பைக் கழற்றிவிட்டு விற்போரும் உண்டு.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. சிவப்பு என்றால் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் விரைவில் காட்ட வேண்டும். பச்சையும் நீலமும், இன்ன விளக்கு போடப்பட்டிருக்கிறது என்று அறிவிப்பவை மட்டுமே.

ஆயில் விளக்கு

இவ்விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுகிறது என்றே நாமும் எண்ணியிருந்தோம். அது தவறு. அது காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை. என்ஜினில் பொருத்திய ஒரு சிறு சுவிட்ச், அழுத்தம் மிகவும் தாழும்போதுதான் விளக்கை எரியச் செய்கிறது. ஆகவே, விளக்கு எரியவில்லை என்பதால் எண்ணெய் நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாகாது. எண்ணெய் வெகுவாகக் குறைந்த பின்னரே அது பேசும். இதனால்தான் டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறையேனும் எடுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

ஓடும்போது இவ்விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். 'அடுத்த ஊர் வரையில்' என்ற எண்ணமே கூடாது. என்ஜினுக்குள் உலோகத்தை உலோகம் உராயாமல் காப்பது எண்ணெயின் மெல்லிய படலம். அழுத்தம் இல்லையேல் படலம் இல்லை. சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். கீழ்க்குறிக்கும் தாழ இருந்தால் எண்ணெய் ஊற்றி, என்ஜினைக் கிளப்பி, விளக்கு அணைகிறதா என்று கவனியுங்கள். அணைந்தாலும் எண்ணெய் போன வழியைக் கண்டறிய வேண்டும். அளவு சரியாயிருந்தும் விளக்கு எரிந்தால், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

மின்னும் விதத்திலிருந்தும் சில உய்த்துணரலாம். வளைவுகளில் மட்டும் மின்னினால் பெரும்பாலும் எண்ணெய் குறைவு. எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சுகிறது. சூடேறிய பின் நின்ற இடத்தில் ஓடும்போது மட்டும் மின்னினால், எண்ணெய் குறைந்திருக்கலாம், நீர்த்திருக்கலாம், பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம், பம்பு தளர்ந்திருக்கலாம், சுவிட்சும் கெட்டிருக்கலாம். இவற்றுள் எது என்று ஊகத்தால் சொல்ல இயலாது. சுவிட்சைக் கழற்றி அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால் சிறிது நேரத்தில் உண்மை வெளிப்படும். நாம் ஓராண்டாகச் செய்யத் தவறியது இச்சிறு வேலையைத்தான்.

பாட்டரி விளக்கு

பாட்டரியின் படம் இருப்பதால் பாட்டரி கெட்டுவிட்டது என்று பலர் புதிது வாங்கிவிடுகின்றனர். உண்மையில் இது, பாட்டரிக்கு மின்சாரம் வந்துசேரவில்லை என்னும் அறிவிப்பு. மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். மிகப் பழைய வண்டிகளில் டைனமோ.

இவ்விளக்கு எரிந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன் பெல்ட். பல பழைய வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்திருந்தால் மின்சாரத்தோடு குளிர்ச்சியும் நின்றுவிடும். சில நிமிடங்களில் என்ஜின் கொதிக்கும். ஆகவே, அறுந்த பெல்ட்டோடு ஓட்டலாகாது.

பெல்ட் நலமாயிருந்தால், பகல் வேளையில், ஏ.சி., ரேடியோ முதலியவற்றை அணைத்துவிட்டு அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை செல்லலாம். வழியில் என்ஜினை நிறுத்த வேண்டாம். மீண்டும் கிளப்பப் பாட்டரியில் வலு இராது. இரவில் கதை வேறு. 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு மட்டுமே 9 ஆம்பியருக்கு மேல் உண்கின்றன. சிறு கார்களின் 35 ஆம்பியர்-மணி பாட்டரி அதை நெடுநேரம் தாங்காது. நடுவழியில் இருளில் நிற்க நேரும்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அவர்களே சோதிக்கலாம். நன்கு சார்ஜ் ஏறிய பாட்டரி ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லையெனில் பெல்ட்டின் தளர்வு, கார்பன் பிரஷ்களின் தேய்வு, ரெகுலேட்டர், கம்பி இணைப்புகள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மற்றொரு வியப்பும் உண்டு. பல ஆல்டர்னேட்டர்களுக்குத் தொடக்க மின்சாரம் இந்தச் சிறு பல்பின் வழியாகவே செல்கிறது. பல்பு எரிந்துபோனால் ஆல்டர்னேட்டரே வேலையைத் தொடங்காமல் இருந்துவிடக்கூடும்.

பிரேக் விளக்கும் வெப்ப முள்ளும்

பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். பிரேக் பேடுகள் தேயத் தேய அந்த எண்ணெய் மட்டம் மெல்லத் தாழ்வது இயல்பு. எனவே ஊற்றி நிரப்புவதோடு நில்லாமல் பேடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மட்டம் திடீரென்று தாழ்ந்தால் எங்கோ கசிகிறது. மிதி கட்டை மென்மையாக உள்ளே போனால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பிரேக்கிற்குரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் பாகங்கள் ஊதிக் கெட்டு, பிரேக்கே இல்லாமற் போகும்.

வெப்பமானி முள் சிவப்பை நெருங்கினால் நிறுத்தி அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பவர் முகத்தில் கொதிநீர் பீறிட்டு அடிக்கும். அரைமணி நேரமாவது பொறுங்கள். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும். இன்னொன்று: ஏறிய முள் தானே இறங்கிவிட்டது என்று மகிழாதீர்கள். தண்ணீர் முழுவதும் போய்விட்டால், அளக்கும் கருவியைத் தொட நீரில்லாமல் முள் தவறாகக் கீழே இறங்குவதுண்டு.

மஞ்சள் நிற என்ஜின் விளக்கு

கார்பரேட்டர் நீங்கி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தபின் தோன்றியது இது. நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடினால், மெல்ல ஓட்டிச் சென்று சில நாட்களுக்குள் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். அது புகைக்குழாயிலுள்ள விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கி அழித்துவிடும். வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்துவதே நல்லது.

ஸ்கேனர் என்னும் கருவியை மாட்டினால் ஒரு குறியீட்டு எண் தோன்றும். அந்த எண் நோயின் இடத்தைச் சொல்லுமேயன்றி மருந்தைச் சொல்லாது. எடுத்துக்காட்டாக, 'பி0301' என்பது முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதைக் குறிக்கும். காரணம் ஸ்பார்க் பிளக்காகவும் இருக்கலாம், காயிலாகவும் இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்தவுடன் பாகத்தை மாற்றுகிறேன் என்பவரிடம், "சோதித்துவிட்டு மாற்றுங்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். பாட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையக்கூடும். அதனால் குறியீடு அழியுமே தவிர, குறை தீராது.

நிற்க. நம் பங்கு வேனையும் அழுத்தமானி வைத்துச் சோதித்தோம். அழுத்தம் சரியாகவே இருந்தது. சுவிட்ச்தான் கெட்டிருந்தது; மாற்ற அரைமணி நேரமும் ஆகவில்லை. ஆக, நம் வேனைப் பற்றி நாம் கூறியது மெய்தான். ஆனால் அதுவும் சோதித்து அறிந்ததன்று. ஊகம் தற்செயலாகப் பலித்தது. அந்த இளைஞர் விஷயத்தில் அதே ஊகம் பொய்த்தது. "பார்த்துவிட்டு ஓட்டுங்கள்" என்று மட்டும் அன்று நாம் சொல்லியிருந்தால் அவருடைய என்ஜின் பிழைத்திருக்கும்.

அவருடைய வீட்டிற்குச் சென்று இதை வாய்விட்டுச் சொன்னோம். "விடுங்கள் சுவாமி, நானும் கம்பியை எடுத்துப் பார்த்திருக்கலாமே" என்றார் அவர். அவருடைய கார் இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கிறது. அது திரும்பி வரும்வரை அவர் தந்தை, செவ்வாயும் வெள்ளியும், நம் பங்கு வேனில் மருத்துவமனைக்குப் போய் வருகிறார். புறப்படும் முன் சாவியைத் திருப்பி, விளக்குகள் எரிகின்றனவா, கிளப்பியபின் அணைகின்றனவா என்று அப்பெரியவரே முன் இருக்கையிலிருந்து உரக்கச் சொல்கிறார். அதன் பின்னரே நாம் வண்டியை எடுக்கிறோம்.

நாளைக் காலை நீங்களும் உங்கள் வண்டியில் அவ்வாறே செய்து பாருங்கள்.