அரசியல் தொடர்பியலும் ஏழை மாணவர்களும்

ஃபேஸ்புக் பயனர்களின் தரவுகள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனம் வழியாக அரசியல் பிரசாரத்துக்குத் திருப்பப்பட்டது 2018-இல் அம்பலமானது. வாக்காளரின் மனம் எப்படிக் குறிவைக்கப்படுகிறது என்பதை உலகம் அப்போது கண்டது. கட்சி, ஊடகம், வாக்காளர் ஆகிய மூவருக்கும் இடையிலான இந்த உறவை ஆராய்வதே அரசியல் தொடர்பியல்.

லண்டன் பொருளியல் பள்ளி, கார்டிஃப், ஆம்ஸ்டர்டாம் எனப் பல இடங்களில் இதற்கு முதுநிலைப் படிப்பு உண்டு. பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். ஆனால் கட்டணமும் லண்டன் வாடகையும் சாமானியக் குடும்பங்களுக்கு எட்டாதவை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை செலவை ஏற்கிறது. எனினும், இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கிறது. படிப்பை முடித்தவர் தாயகம் திரும்பி இரண்டாண்டுகள் இருக்க வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டமோ, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த ஆய்வுகளை 2022-இல் விலக்கியது. இது அநீதி. இந்தியத் தேர்தலையோ ஊடகத்தையோ ஆராய விரும்பும் ஏழை மாணவருக்கு இத்தகைய விதி கதவை அடைக்கிறது. பிரசார நுட்பம் பணம் படைத்தவர்களின் கையில் மட்டும் தங்கினால், ஏமாறுவது வாக்காளரே.

மத்திய அரசு இந்த விலக்கை முற்றாகக் கைவிட வேண்டும். மாநில அரசுகளும் தங்கள் உதவித்தொகைகளில் சமூக அறிவியலுக்கு உரிய இடம் ஒதுக்க வேண்டும். பொறியியலுக்குக் கிடைக்கும் மதிப்பு மக்களாட்சியைக் காக்கும் படிப்புக்கும் கிடைக்கட்டும்.