கணுக்கள் எவர் கையில்?

ஒரு சான்றிதழ் மெய்யோ பொய்யோ என அறிய, அதனை வழங்கிய அலுவலகத்தின் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதே நாம் நெடுங்காலமாக அறிந்த வழி. அவ்வேட்டையே ஒருவர் திருத்திவிட்டால் யாது செய்வது? இவ்வினாவிற்கு விடை கூற முற்பட்டதே பிளாக்செயின் என வழங்கும் கட்டச் சங்கிலி. ஒரே பேரேட்டின் படிகளைப் பல கணிப்பொறிகள் தம்முள் நிகராக நின்று காக்கின்றன. இவற்றைக் கணுக்கள் என்பர். ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் சுருக்கக் குறி பொறிக்கப்பட்டிருத்தலால், பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினும் பின்வரும் குறிகள் பொருந்தாமற் போகும்.

இத்தகைய ஏட்டை ஒவ்வொரு துறையும் அடியிலிருந்து கட்டுதல் வீண் உழைப்பு. ஆதலின், 2021 மார்ச்சில் 64.76 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய பிளாக்செயின் சட்டகத் திட்டத்திற்கு மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. சி-டாக், தேசியத் தகவலியல் மையம், ஐதராபாத் ஐ.ஐ.டி., சென்னை செட்ஸ் முதலிய நிறுவனங்கள் கூடி உழைத்ததன் பயனாக, 'விஸ்வஸ்ய' என்னும் மென்பொருள் தொகுதி 2024 செப்டம்பர் 4ஆம் நாள் வெளியிடப்பட்டது. இது போற்றத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒன்று கூறவேண்டும். வெளியிடப்பட்டபோது அதன் கணுக்கள் புவனேசுவரம், புனே, ஐதராபாத் ஆகிய மூன்று நகரங்களில் உள்ள தேசியத் தகவலியல் மையத்தின் நிலையங்களில் அமைந்தன. தீ, வெள்ளம், மின்தடை ஆகியவற்றினின்று இவ்வேற்பாடு ஏட்டைக் காக்கும். ஆனால் படிகள் யாவும் ஒரே நிருவாகத்தின் பொறுப்பில் இருப்பின், அந்நிருவாகம் விரும்பினால் சங்கிலி முழுவதையும் மீண்டும் கணித்து எழுதிவிடலாம். பிட்காயினில் அங்ஙனம் செய்வதற்கு அளவிறந்த கணிப்பு உழைப்பு தேவை. இசைவு பெற்றோர் மட்டுமே சேரும் ஏட்டில் அத்தடை இல்லை. கணுக்களை வைத்திருப்போர் ஒருவரையொருவர் சாராதிருத்தலே அங்குள்ள காவல். இது எவர்மீதும் குறை கூறுவதன்று. அமைப்பின் இயல்பு அத்தகையது. ஆகவே, பட்டச் சான்றிதழ் ஏட்டின் படிகள் பல்கலைக்கழகங்களிடமும், நில ஏட்டின் படிகள் பதிவுத்துறையிடமும் வங்கிகளிடமும் நீதிமன்றங்களிடமும் இருத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அங்ஙனம் செய்யாவிடில், பொதுவான தரவுத்தளம் ஒன்றே போதும், செலவும் குறையும்.

தவறான நில அளவு ஏட்டில் ஏறிவிட்டால், சங்கிலி அத்தவற்றையும் அதே உறுதியுடன் காக்கும் என்பதை மறத்தலாகாது. பழைய பதிவை நீக்க இயலாது. நீதிமன்றத் தீர்ப்பைப் புதிய பதிவாகவே சேர்க்க இயலும்.

தம்மைப் பற்றிய விவரங்களை அழிக்கக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மக்களுக்கு அளித்துள்ளது. அழியா ஏட்டில் பெயரும் முகவரியும் எழுதப்பட்டால் அவ்வுரிமை எங்ஙனம் நிறைவேறும்? விவரங்களை வெளியே வைத்து, அவற்றின் சுருக்கக் குறியை மட்டும் சங்கிலியில் ஏற்றுவதே முறை. அதிலும் எச்சரிக்கை வேண்டும். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணின் குறியை மட்டும் ஏற்றினால், எண்கள் அனைத்தையும் முயன்று பார்க்கும் கணிப்பொறி உண்மையெண்ணை விரைவிற் கண்டுவிடும். வெளியார் அறியாத நீண்ட எண் ஒன்றை உடன்சேர்த்த பின்னரே அதனைக் குறியாக்குதல் வேண்டும்.