கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் கோரிக்கைச் சாசனம்

புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு என்று வீட்டில் ஒருவர் படுத்துவிட, அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொள்பவர்கள் நாங்கள். எங்களில் சிலர் அவரை வழியனுப்பியும் விட்டோம். தமிழ்நாடு அரசிடம் இவற்றைக் கேட்கிறோம்.

கேஸ் ஷீட்டில் எங்கள் பெயரையும் எழுதுங்கள். அங்கே நாங்கள் வெறும் அட்டெண்டர். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதையும், முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பதையும் டிஸ்சார்ஜ் அன்று அவசரமாக வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் முதல் இரவே கை நடுங்குகிறது. செவிலியர் பக்கத்தில் நிற்க, நாங்களே இரண்டு நாள் செய்து பழகிய பிறகு அனுப்புங்கள். எங்கள் இடுப்புவலியையும் தூக்கமின்மையையும் கேட்டு அதே தாளில் குறியுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலி தணிக்கும் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அத்திட்டத்தின் செவிலியர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்களுக்குத் தெம்பு வருகிறது. ஆனால் வலி இரவு இரண்டு மணிக்கும் வரும். அந்நேரத்தில் நோயாளியின் மருந்து விவரத்தைக் கையில் வைத்துப் பேச ஒருவர் வேண்டும். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினுக்கான கெடுபிடியைத் தளர்த்தப் போதைப்பொருள் சட்டம் 2014-லேயே திருத்தப்பட்டது. இன்னமும் எங்களில் பலர் அந்த மாத்திரைக்காக ஊர் தாண்டி பஸ் ஏறுகிறோம். வட்ட மருத்துவமனையிலேயே அது கிடைக்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு; அது பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் டயப்பருக்கும் பஞ்சுக்கும் ஆட்டோவுக்கும் நகைதான் அடகுக்குப் போகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அவருக்கு மாத உதவித்தொகை வேண்டும். தனியார் வேலையில் இருப்பவருக்குச் சம்பளத்தோடு பராமரிப்பு விடுப்பும் துக்க விடுப்பும் சட்டமாக வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீடு காலியாகிவிடுகிறது. ‘இன்னும் முன்னாலேயே கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாரோ?’ என்ற கேள்வி அப்போதுதான் நெஞ்சில் ஏறி உட்காருகிறது. உறவினர் சொல்லும் ஆறுதல் அதற்குப் போதாது. சிகிச்சை தந்தவர்களால்தான் பதில் சொல்ல முடியும். எனவே வீட்டுக்கு வந்துபோன செவிலியர் துக்கம் விசாரிக்க ஒருமுறையாவது வர வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும், தூக்கம் கெட்டவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தையை ஆரம்ப சுகாதார நிலையமே இரவலாகத் தரட்டும். துக்கம் விசாரிக்க வரும் நாளில் செவிலியர் அதைத் திரும்ப எடுத்துப்போகலாம்; அடுத்த தெருவில் ஒருவர் வெறும் பாயில் படுத்திருப்பார்.