தூங்கின வண்டிக்கு மாசம் முந்நூறு

ஷெட்டுல கவர் போட்டு ஓரமா நின்ன பைக் என்ன தப்பு பண்ணிச்சு? யாரையாவது இடிச்சுதா? புகை விட்டுதா? சிக்னல் தாண்டிச்சா? ஒண்ணும் இல்லை. ஆனாலும் ஆர்.சி. முடிஞ்ச நாள்லேருந்து அதுக்கு மாசம் 300 ரூபாய் ஏறிக்கிட்டே இருக்கும். இது கந்துவட்டிக் கணக்கு இல்லைங்க, மத்திய மோட்டார் வாகன விதி. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல விதி என்னன்னு பார்த்துடுவோம். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2022 மார்ச் வரைக்கும் பைக்குக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாய்தான். 2022 ஏப்ரல் 1 முதல் அது 1,000 ஆச்சு. கூடவே, தாமதமா வந்தா ஒவ்வொரு மாசத்துக்கும் பைக்குக்கு 300, மத்த சொந்த வண்டிகளுக்கு 500 கூடுதல்னு சேர்த்தாங்க. 2025 ஆகஸ்டில் இன்னொரு திருத்தம். 20 வயசு தாண்டின பைக்குன்னா கட்டணம் 2,000, காருன்னா 10,000. நம்ம தமிழ்நாட்டுல பசுமை வரி தனி.

கட்டணம் ஏத்தினதைப் பத்தி நான் பெருசா சண்டை போட வரலை. வண்டியைப் பரிசோதிக்க ஆள் வேணும், இடம் வேணும், காசு கேட்கட்டும். என் சண்டை அந்த மாசம் 300 கூட மட்டும்தான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். எங்க சித்தப்பாவோட 1992 மாடல் புல்லட். 2007, 2012, 2017னு மூணு தடவை ஒழுங்கா புதுப்பிச்ச மனுஷன். 2018ல முட்டி தேய்ஞ்சு போச்சு, கிக்கர் உதைக்க முடியலை. வண்டி மறைமலை நகர்ல எங்க வீட்டு ஷெட்டுக்கு வந்துது, கவரைப் போட்டோம், அப்படியே நின்னுது. ஆர்.சி. 2022 ஜூன்ல முடிஞ்சுது. 2025 டிசம்பர்ல எழுப்பினேன். 42 மாசம். 42 பெருக்கல் 300, ஆக 12,600. கட்டணம் 2,000 சேர்த்தா 14,600. சித்தப்பா கேட்டார்: "ஏண்டா, ஓட்டுன காலத்துல ஒரு ஃபைன் கட்டினதில்லை. ஓட்டாத வண்டிக்கு எதுக்குடா ஃபைன்?" என்கிட்ட பதில் இல்லை. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க.

சரி, வண்டியை எழுப்ப எவ்வளவு ஆச்சு? அதையும் சொல்றேன், உங்க வீட்டு ஷெட்டுலயும் ஒண்ணு தூங்குதுன்னு எனக்குத் தெரியும் :-)

ஏழு வருஷம் நின்ன வண்டியை எடுத்தவுடனே உதைக்கக் கூடாது. இது முதல் பாடம். பழைய புல்லட்டுக்கு ஒரு வியாதி உண்டு. ரொம்ப நாள் நின்னா, ஆயில் தன் இடத்தை விட்டு மெதுவா கசிஞ்சு கிராங்க் கேஸுக்குள்ள இறங்கிடும். அதை வடிக்காம ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை தெருவையே மறைக்கும், சீல் வழியா ஆயிலும் பீய்ச்சும். அதனால முதல்ல எல்லா ஆயிலையும் வடிச்சுட்டேன். பிளக்கைக் கழட்டி, ஓட்டை வழியா ரெண்டு மூடி ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விட்டு, மறுநாள் டீகம்ப்ரஷரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரைக் கையால மெதுவா அழுத்தினேன். பிஸ்டன் நகர்ந்துது. அந்த நிமிஷம் பாதி பயம் போயிடுச்சு.

அடுத்து டேங்க். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி பிசுபிசுன்னு ஆகி, கார்புரேட்டர்ல பைலட் ஜெட்டை அடைச்சிருக்கும். இப்ப பங்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும், அந்தக் காலத்து ரப்பர் டியூபும் வாஷரும் உப்பிப் போகும். அதனால பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ரிப்பேர் கிட் ரெண்டும் புதுசு. டேங்குக்குள்ள சின்ன நட்டுங்களைப் போட்டு நல்லா குலுக்கி, துருவைக் கொட்டிக் கழுவினேன். பிளாட்டினம் பாயிண்டை எமரி பேப்பரால தேய்ச்சேன். கண்டென்சர், கேபிள்கள், பிரேக் ஷூ, பேட்டரி எல்லாம் மாத்தினேன். டயர்ல பட்டன் அப்படியே இருந்துது, ஆனா பக்கவாட்டுல வெடிப்பு. டயர்ல ஒரு நாலு இலக்க எண் இருக்கும். முதல் ரெண்டும் வாரம், கடைசி ரெண்டும் வருஷம். 2314னு இருந்தா 2014ஆம் வருஷத்து 23ஆவது வாரம். பட்டனைப் பார்த்து ஏமாறாதீங்க, இந்த எண்ணைப் பாருங்க.

சாமான் எல்லாம் ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் கிடைச்சுது. மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம். அதாவது, வண்டியை எழுப்ப ஆன செலவை விட அது தூங்கினதுக்கான தண்டம் அதிகம்!

இப்ப சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988. 39ஆவது பிரிவு என்ன சொல்லுது? பதிவு இல்லாத வண்டியை ஓட்டக் கூடாதுங்குது. 146ஆவது பிரிவு? இன்ஷூரன்ஸ் இல்லாம பொது இடத்துல உபயோகிக்கக் கூடாதுங்குது. ஓட்டுறது, உபயோகிக்கிறது. சட்டத்தோட கண்ணு ரோட்டு மேல இருக்கு. ஆனா கட்டண விதியோட கண்ணு மட்டும் காலண்டர் மேல இருக்கு. நாள் போச்சா, காசு குடு. ஆர்.சி. இல்லாம தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டுல பறந்தவனுக்கும், சாவியை எடுத்து பீரோவுல வெச்சவனுக்கும் ஒரே ரேட். இது நியாயமா?

"நேரத்துக்குப் போய் புதுப்பிச்சிருக்க வேண்டியதுதானே?" அப்படின்னு ஒரு அண்ணாச்சி கேட்பார், தெரியும். அண்ணே, புதுப்பிக்கணும்னா வண்டியை ஆய்வாளர் முன்னாடி நிறுத்தணும். ஓடுற நிலையில நிறுத்தணும். இன்ஷூரன்ஸ் வேணும், புகைச் சான்று வேணும். முட்டி போன மனுஷன், வெளிநாட்டுல வேலை பார்க்கிற பிள்ளை, வண்டி சொந்தக்காரர் செத்துப்போய் வாரிசுச் சான்றிதழுக்கு அலையற வீடு, இவங்க எல்லாம் எப்படி நிறுத்துவாங்க? ஓட்டாத வண்டியை ஓட வெச்சாத்தான், ஓட்டலைங்கிறதுக்கான அபராதத்துலேருந்து தப்பிக்க முடியும். வடிவேலு காமெடிக்கே இவ்வளவு சுத்து கிடையாது.

அடுத்த கேள்வி, புகை. "பழைய வண்டி ஊரைக் கெடுக்குது, காயலான் கடைக்குப் போடு." ஊர் காத்து மேல அக்கறை எனக்கும் உண்டு. ஆனா நின்ன வண்டி புகை விடாது. ஓடுற வண்டி எவ்வளவு விடுதுன்னு சைலன்சர்ல குழாயை விட்டு அளக்க ஏற்பாடு இருக்கு. அளவு தாண்டினா அனுமதி கொடுக்காதீங்க, நானே கைதட்டுவேன். 300 ரூபாயால எந்தப் புகை குறையும்? ரொம்பப் பேர் இன்னொண்ணையும் குழப்பிக்கிறாங்க. 15 வருஷ பெட்ரோல் வண்டிக்குத் தடைங்கிறது பசுமைத் தீர்ப்பாயமும் (2015) உச்ச நீதிமன்றமும் (2018) டெல்லி சுற்றுவட்டாரத்துக்குச் சொன்னது. தமிழ்நாட்டுக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த கழிவு வாகனக் கொள்கையும் சொந்த வண்டியை வயசை மட்டும் வெச்சுக் கழிக்கச் சொல்லலை. பரிசோதனையில தேறினா ஓட்டலாம்னுதான் இருக்கு.

சரி, பழைய வண்டியை மதிக்க விதியே இல்லையான்னா, இருக்கு. 2021 ஜூலையில விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி போட்டாங்க. 50 வயசு தாண்டணும். பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான் எடுக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது. பங்களாவுல நாலு கார் வெச்சிருக்கிறவருக்குச் சரி. அப்பாவோட வண்டியில காய்கறி வாங்கப் போகணும்னு நினைக்கிறவனுக்கு? 20 வயசுக்கும் 50 வயசுக்கும் நடுவுல இருக்கிற வண்டி நாதியத்தது. விண்டேஜும் இல்லை, புதுசும் இல்லை.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கைகோர்த்து, திருவொற்றியூர்ல புல்லட் செய்ய ஆரம்பிச்ச ஊர். 1970ல இங்கிலாந்துல அந்தக் கம்பெனியே மூடிடுச்சு, இங்க நிக்கலை. 1977ல நம்ம ஆளுங்க செஞ்ச புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. எங்க ஊர்லேருந்து சிங்கபெருமாள் கோயில் போய் வலது பக்கம் திரும்பினா ஒரகடம், 2013லேருந்து அங்கேயும் தொழிற்சாலை ஓடுது. பழைய அச்சிலேயே புதுசு செஞ்சு "பாரம்பரியம்"னு விளம்பரம் பண்றோம், வாங்கறோம். நிஜமான பாரம்பரியம் ஷெட்டுல நின்னா மட்டும் மாசம் 300 தண்டம்.

திட்டறதோட நிறுத்தக் கூடாது, மாற்று என்னன்னு கேட்பீங்க. இருக்கு. பிரிட்டன்ல 1998லேருந்து ஒரு ஏற்பாடு. "என் வண்டியை ரோட்டுல எடுக்கலை"ன்னு அரசுக்கு ஒரு அறிவிப்பு கொடுத்துட்டா வரி கிடையாது, இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை. அறிவிப்புக்குக் காசும் இல்லை. கொடுத்துட்டு ரோட்டுல எடுத்து மாட்டினா அபராதம் தாளிச்சுடுவாங்க. அவ்வளவுதான். வெள்ளைக்காரனை விடுங்க, நம்ம ஊர் பஸ் முதலாளிகளுக்கே இது உண்டு. 2020 கொரோனா சமயத்துல ஆம்னி பஸ்காரங்க வண்டியை இயக்கலைன்னு எழுதிக் கொடுத்து வரியிலேருந்து தப்பிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? பஸ்ஸுக்கு முடியுறது பைக்குக்கு ஏன் முடியாது? ஆதார், ஓ.டி.பி. எல்லாம் கையில இருக்கு. பரிவாகன் தளத்துல ஒரு பட்டன், அவ்வளவுதான் வேலை.

அது வரைக்கும் குறைஞ்சபட்சம் ஒரு உச்சவரம்பாவது வைங்க. கட்டணத்தை விடத் தாமதக் கூலி அதிகமாகக் கூடாதுன்னு ஒரு வரி போதும். இல்லைன்னா என்ன நடக்கும்? நேர்மையா வந்து கட்டறவன் ஓடிடுவான். வண்டி, பேப்பர் இல்லாமலே சந்து பொந்துல ஓடும், இன்ஷூரன்ஸும் இருக்காது. அது இடிச்சா அடிபட்டவனுக்கு நஷ்டஈடு யார் கொடுப்பா? பாதுகாப்புக்குன்னு போட்ட விதி, வண்டியைப் பரிசோதனைக்கே வரவிடாம துரத்துது.

நாம என்ன செய்யலாம்? இன்னைக்கே வீட்டுல இருக்கிற பழைய ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பாருங்க. முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே படிவம் 25ல விண்ணப்பிக்கலாம். வண்டி ஓடுற நிலையில இருக்கும்போதே முடிச்சுடுங்க. அடுத்தது, அமைச்சகம் விதியை மாத்தறதுக்கு முன்னாடி வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும். நாம பாட்டுக்கு கும்மி அடிச்சுக்கிட்டு அதைக் கோட்டை விடறோம். அடுத்த வரைவு வரும்போது ஆளுக்கு ஒரு கடுதாசி போடுவோம். நான் எழுதறதை இங்கயே போடறேன், எடுத்துத் திருத்தி அனுப்பிக்குங்க.

டிஸ்கி: புல்லட் சத்தமே ஒலி மாசுன்னு சொல்ல வர்ற ஸ்கூட்டி சங்கத்தினருக்கு: சைலன்சர் கம்பெனி சைலன்சர்தான். வந்து கேட்டுட்டு அப்புறம் பின்னூட்டத்துல திட்டுங்க.