நகங்கள் கூறும் செய்தி

பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறைகளில் உழைப்போரின் நகங்களில் கறை படிவது இயல்பு. இல்லத்தரசியரின் நகங்களை மருதாணி மறைக்கிறது. ஆதலால் நகத்தின் இயற்கை நிறத்தை நாம் உற்று நோக்குவதில்லை.

நலமான நகம் இளஞ்சிவப்பாக, சற்றே மேடாக இருக்கும். அது வெளுத்து, நடுவே கரண்டிபோல் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவும் இரத்தசோகையும் இருக்கலாம். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகையுற்றவர் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. நகத்தில் கறையிருந்தால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கும் வெளுப்புத் தெரியும்.

விரல்நுனி பருத்து நகம் கிளிமூக்கென வளைவது நுரையீரல் அல்லது இதய நோயின் அறிகுறியாகலாம். நகம் நீலம் பூத்து மூச்சும் திணறினால் உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும். வெண்புள்ளிகளோ பெரும்பாலும் சிறு அடிகளால் வருபவை, அஞ்சவேண்டாம்.

நகம் ஐயத்தை எழுப்புமேயன்றி நோயை உறுதி செய்யாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்பவள் தாய். குடும்ப செபத்தில் நமக்காகக் குவியும் அவளுடைய கரங்களைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்போம். அதுவும் பிறரன்புப் பணியே.