கழுத்தைத் திருகினால் கண் நேராகுமா?

தம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரமூர்த்தி நாயனார் இரு கண்களையும் இழந்து, தடுமாறி நடந்து வந்து, இடக்கண்ணைக் கச்சி ஏகம்பத்திலும் வலக்கண்ணைத் திருவாரூரிலும் மீளப் பெற்றார் என்பது பெரியபுராண வரலாறு. ஆதலால் கண்ணின் அருமையைக் காஞ்சிபுரத்தாருக்கு வேறொருவர் உபதேசிக்க வேண்டுவதில்லை. ஆயினும், கழுத்தைப் பிடித்து ஒரு திருகு திருகிச் சொடக்கு எடுக்கும் காட்சிகள் கைபேசித் திரைகளில் பெருகி, கழுத்தெலும்பை ஒழுங்குபடுத்தினால் மாறுகண்ணும் நேராகும், இரட்டைப் பார்வையும் நிவர்த்தியாகும் என்ற வாக்குறுதிகள் வீடுதோறும் நுழைந்துவரும் இக்காலத்தில், தறியை நம்பி வாழும் இந்நகரத்து மக்களிடம் அதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லுவது அவசியம் என்று கருதுகிறேன்.

இவ்வாக்குறுதி நெசவாளரைச் சுலபமாகக் கவர்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில், குழித்தறியில் அமர்ந்து கோர்வைச் சேலை நெய்பவரின் பக்கத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். கால்கள் குழிக்குள்ளே மிதியை அழுத்த, ஒரு கை நாடாவை ஓட்ட, மறு ஓரத்தில் துணையாள் கரையின் நாடாவை எறிய, சேலை உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்கும் கோட்டை விட்டு அவர் பார்வை அகலுவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்துவிட்டாலோ, வேலையை நிறுத்தி, முகம் நூலைத் தொடுமளவுக்குக் குனிந்து, அறுந்த பட்டின் நுனியைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் கோத்து முடிந்த பிறகே நிமிருகிறார். நாளெல்லாம் இப்படி உழைத்தவருக்கு மாலையில் பிடரி வலிப்பதும், எழுத்துகள் மங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் ஒருங்கே நேருகின்றன. இரண்டு உபாதைகள் சேர்ந்தே வருவதால், ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தீரும் என்று அவர் எண்ணுவதில் அறியாமை எதுவும் இல்லை.

அவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. மண்டையோட்டின் அடியில், பிடரியில் அமைந்திருக்கும் சிறு தசைகள் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற செய்தியை ஓயாமல் மூளைக்கு அனுப்புகின்றன. அச்செய்தியையும் உட்காதின் சமநிலைச் செய்தியையும் சேர்த்துக்கொண்டே மூளை கண்களின் அசைவை நிர்வகிக்கிறது. கழுத்துவலி உள்ளவர்களில் சிலருக்கு நகரும் பொருளைக் கண் பின்தொடர்வது தடுமாறுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே, தேர்ந்த இயன்முறை மருத்துவரோ அனுபவமுள்ள வர்ம ஆசானோ இறுகிய தசையை மெல்ல நீவிவிட்டால் வலி தணிந்து, பார்வையின் களைப்பும் குறைந்தாற்போலத் தோன்றலாம். அந்தச் சுகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் களைப்புக் குறைவது வேறு, விலகிய கண் நேராவது வேறு. ஒவ்வொரு கண்ணையும் திருப்புகின்ற தசைகள் 6. அவற்றை ஏவுகின்ற நரம்புகள் 3. அம்மூன்றும் மூளைத்தண்டிலே தோன்றி மண்டைக்குள்ளேயே பயணம் செய்து கண்குழியை அடைகின்றன. அவற்றில் ஒன்றேனும் கழுத்தெலும்பின் வழியே செல்வதில்லையாதலால், கழுத்தில் செய்யும் எந்தத் திருகலும் அவற்றை எட்டாது. மாறுகண் இவ்வகையில் நேராகும் என்பதற்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனி நோயாளிகளின் விவரங்களைக் காட்டுகிறார்களே தவிர, நம்பத்தக்க பரிசோதனைகளின் ஆதாரம் இல்லை.

பலரும் கவனியாத விஷயம் ஒன்று உண்டு: கண்ணும் கழுத்தும் சேர்ந்து கோணியிருக்கும்போது, கண்ணின் குறையை மறைப்பதற்காகவே பல சமயம் கழுத்து சாய்கிறது. நான்காம் மூளை நரம்பு பிறவியிலேயே வலுவிழந்திருந்தால் ஒரு கண் சிறிது மேலேறி நிற்கும். இரண்டாகத் தெரியும் உலகை ஒன்றாக்கிக்கொள்ளும் பொருட்டுக் குழந்தை தன்னையறியாமல் தலையை மறுபுறம் சாய்த்துக்கொள்ளுகிறது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "உரம் விழுந்திருக்கிறது" என்று சொல்லி, உரம் எடுக்கும் பாட்டியிடமோ சுளுக்கு எடுப்பவரிடமோ அக்குழந்தையைத் தூக்கிச் செல்லுகிறோம். அவர்கள் கழுத்தை நேராக்க நேராக்க, குழந்தைக்கு மீண்டும் இரண்டாகத் தெரிய, அது மீண்டும் சாய்க்கிறது. நடுவயதில் திடீரென்று இரட்டைப் பார்வை என்று வருபவரிடம் கண் மருத்துவர் சிறுவயதுப் புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுண்டு. பள்ளிக்கூட வரிசையிலும் கல்யாணக் கூட்டத்திலும் ஒரே பக்கமாகச் சாய்ந்த அந்தத் தலை, நோய் எத்தனை பழையது என்பதைச் சொல்லிவிடும்.

பெற்றோர் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். தலைசாய்த்து உட்காரும் குழந்தையின் ஒரு கண்ணைச் சற்று நேரம் உள்ளங்கையால் மறையுங்கள்; பிறகு மற்றக் கண்ணையும் அவ்வாறே மறையுங்கள். அப்போது தலை தானாக நிமிர்ந்தால் சந்தேகப்பட வேண்டியது கண்ணை. பிறந்த சில வாரங்களிலேயே கழுத்துத் தசை தடித்து இறுகியிருக்கும் குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுக்கு மருத்துவர் கற்றுத்தரும் மென்மையான கழுத்துப் பயிற்சியே உரிய சிகிச்சை. எது எவ்வகை என்று பிரித்தறியாமல் கழுத்தில் கைவைப்பதுதான் தவறு.

எலும்பைத் திருகி வேறோர் உறுப்பின் குறையைப் போக்கிவிடலாம் என்ற ஆசை புதிதும் அன்று. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்பவர், முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்து ஒருவரின் செவிட்டைப் போக்கியதாகச் சொல்லித் தமது எலும்பு வைத்திய முறையைத் தொடங்கினார். செவிக்குரிய நரம்பும் முதுகெலும்பின் வழியே செல்வதில்லை.

பயனின்மை மட்டுமாயின் போகட்டும் என்று விடலாம். கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள்ளே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் ஓடுகின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் நேரக்கூடும். அது அபூர்வம்; ஆனால் நேர்ந்தால் உயிரையே வாங்கும். 2024இல் கர்நாடகத்தில், முடிதிருத்தகம் ஒன்றில் கழுத்தைத் திருகிவிட்டதைத் தொடர்ந்து இளைஞர் ஒருவர் பக்கவாதத்துக்கு ஆளான செய்தி பத்திரிகைகளில் வந்தது. இதிலுள்ள விபரீதம், அத்தகைய கிழிசலின் அறிகுறிகளில் இரட்டைப் பார்வையும் ஒன்று என்பதே. திடீரென்று இரண்டாகத் தெரிவது சர்க்கரை நோயினாலும் இருக்கலாம், மூளை நாளத்தின் வீக்கத்தினாலும் இருக்கலாம். அன்றைய தினம் போகவேண்டிய இடம் மருத்துவமனை.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி வாளாவிருப்பதும் இதற்கு இளைத்த பிழையன்று. விலகிய கண் அனுப்பும் காட்சியை மூளை சிறிது சிறிதாக ஒதுக்கிவிடுவதால், அக்கண் சோம்பேறிக் கண்ணாகிறது. ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியோ, நல்ல கண்ணை மறைக்கும் கட்டோ, அறுவைச் சிகிச்சையோ செய்தால் பார்வை மீளக்கூடும். நாள் செல்லச் செல்ல அது அரிதாகும். கோர்வைக் கோட்டில் கண் களைக்கும் பெரியவருக்கும் பெரும்பாலும் வேண்டியது தறியின் தூரத்துக்கு அளந்து கொடுத்த கண்ணாடி, அல்லது இரு கண்களையும் அருகே குவிக்கும் பயிற்சி.

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை சுமார் 75 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போகிற வீட்டில், தெருமுனையில் சொடக்கு எடுப்பவரே அருகிலிருக்கும் வைத்தியராகி விடுகிறார். ஆகையால் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு என் விண்ணப்பம்: ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண் மருத்துவரைச் சங்க வாசலுக்கே வரவழைத்து, நெசவாளருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் கண்களைப் பரிசோதிக்கச் செய்யுங்கள், கண்ணாடிக்கான அளவைத் தறியின் முன் உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள், அந்த அரைநாள் கூலியைச் சங்கமே கொடுக்கட்டும்.